அடுப்பில் போட்ட குச்சி

எங்கள் பவானிபூர் வீட்டிலிருந்து எந்தச் சாமானும் ரிப்பேருக்கென்று கடைக்குப் போனதில்லை. கடிகாரமோ குடையோ, நானே பிரித்து நானே பூட்டிவிடுவேன். கையில் வித்தை இருக்கும்போது அடுத்தவனுக்கு எதற்குக் கூலி என்ற திமிர்.

ஜலஜாவின் பிடிலில் தந்தி அறுந்தபோதும் அப்படித்தான். எங்கள் கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்த பிடில் அது. நான் ஆபீஸ் போனபின், பாஷை தெரியாத ஊரில் அவளுக்கு இருந்த ஒரே துணை. நாலு தந்திகளையும் கழற்றினேன். தூக்கினால் உள்ளே ஏதோ கடகடத்தது. கவிழ்த்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, மேல்பலகைத் துளை வழியாக வெளியே எடுத்தேன். சுண்டுவிரலைவிட ஒல்லியாக ஒரு துண்டுக் குச்சி. புதுத் தந்தி பூட்டியாயிற்று, உள்ளேயிருந்த குப்பையையும் அடுப்பில் போட்டாயிற்று என்று ஜலஜாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் ஒரு வரி வாசித்தாள். ஜலதோஷக்காரன் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தது. பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். நாலு நாள் பெட்டி திறக்கவில்லை. அவளும் அதிகம் பேசவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மானத்தை விட்டு, லால்பஜார் பக்கம் பிடில் ரிப்பேர் செய்யும் நிபாரண் மிஸ்திரியின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். துளைக்குள் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த குச்சி எங்கே என்று வங்காளியில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாசிக்கிறவரை அழைத்து வாருங்கள் என்றார்.

சனிக்கிழமை ஜலஜாவைக் குதிரை வண்டியில் அழைத்துப் போனேன். மிஸ்திரி ஒரு குச்சியைச் சீவி, வளைந்த கம்பியில் குத்தித் துளைக்குள் விட்டார். உள்ளே ஒரே இருட்டு. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில், அதை நிறுத்திவிட்டார். பசை இல்லை, ஆணி இல்லை.

தந்தி பூட்டி, நின்றபடி தோளில் வைத்து இழுத்தார். நாதம் வந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அவரோ பிடிலை ஜலஜாவிடம் நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலையைப் பாதத்தில் ஊன்றி, தன் சுருதிக்குத் தந்திகளை இறக்கிக்கொண்டாள். இப்படி வாசிப்பதை அவர் பார்த்ததில்லை போலும். தாமும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்தாள். அவர் தலையசைத்து மறுத்து, கம்பியை விட்டுக் குச்சியை மயிரிழை தள்ளினார். குரலே வேறாகிவிட்டது. மறுபடி தள்ளினார், மறுபடி வேறு. ஐந்தாம் தடவை வில் நகர்ந்தபோது கடையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். இதையா குப்பை என்றேன்?

"போதும், மா" என்றார் மிஸ்திரி. கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

திரும்பும்போது ஜலஜா பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"அந்தக் குச்சி பிடிலுக்குள்ள நிக்கறதைப் பொறந்தாத்துல பார்த்திருக்கேன். அன்னிக்கு நீங்க ஆபீஸ் போனப்புறம் அடுப்புச் சாம்பலைக் கிளறித் தேடினேன்" என்றாள்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, நீங்களே இன்னொண்ணு செதுக்கியிருப்பேள்."