எட்டு வகை அமைதியும் ஒரு கோபக்காரியும்

"சாந்தம்னா என்னன்னு கேக்க உன்கிட்டயா வந்திருக்கா?" என்று சொல்லிவிட்டு என் கணவர் வைத்தீஸ்வரன் சிரித்தார். காபி புரையேறியது. முப்பத்தாறு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தேன்.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாகலக்ஷ்மி என்ற என் பேர் மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுக்கத் தெரியும். சொசைட்டி செக்ரட்டரி பத்ரிநாராயணன் என்னைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுவார். இருபத்தெட்டு வருஷம் ஜூனியர் காலேஜில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தேன். ரிட்டயர் ஆனபின் வீட்டில் டியூஷன் ஆரம்பித்தேன். கடைசியாக மிஞ்சிய சாருலதா என்ற பெண்ணும் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் அழுதுகொண்டே போனவள்தான், திரும்பி வரவில்லை. ஒன்றரை வருஷமாக என்னிடம் யாரும் பிரெஞ்சில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் காலையில் பாத்திரம் தேய்க்கிற சண்முகவடிவு, மத்தியானம் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் தையல் வேலை செய்கிறாள். அன்றைக்கு ஒரு சாவிக்கொத்துத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வானநீலத் தோல், விரல் நீளம், சுற்றிலும் எறும்பு வரிசை மாதிரி தையல்.

"சாவி மாட்டிக்கிடுங்க மாமி. மூல லேசா கோணிட்டுன்னு ஒதுக்கிட்டாவ."

ஒரு பக்கம் ஆங்கிலத்தில், தூங்குகிற நாயை எழுப்பாதே என்று பொறித்திருந்தது. திருப்பினேன். பின்பக்கம் பிரெஞ்சில், புயலுக்கு முந்தைய அமைதி என்று இருந்தது.

"யார் பண்ணின வேலை இது?" என்று கத்தினேன். "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

சண்முகவடிவு கையைத் துடைத்துக்கொண்டு, "நானூறு" என்றாள்.

அவள் போன் செய்து சொல்ல, அரை மணி நேரத்தில் பட்டறைக்காரி விஜயராணி ஒரு பை நிறையத் துண்டுகளோடு என் கூடத்தில் நின்றாள். முப்பத்தெட்டு வயசிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் பேசினாள். பிரான்ஸில் லியோன் என்ற ஊரில் ஒடீல் என்று ஒரு பெண்மணி யோகா கூடமும் கடையும் திறக்கிறாளாம். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இந்தத் துண்டுகள். அமைதியைப் பற்றி எட்டுச் சொல்வழக்கு, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அதற்கு ஈடான பிரெஞ்சு. ஒவ்வொன்றிலும் ஐம்பது. நாளைக்குப் பார்சல் போக வேண்டும்.

"இத்தன நாளு குர்லா சேட்டு மூலமாத்தான் வேல செஞ்சோம் மாமி. சரக்கு எங்களது, பேரு அவருது. இதுதான் மொத மொத எங்க பேருல நேரா வந்த ஆர்டரு. கெட்டுப்போச்சுன்னா திரும்ப அவரு வாசல்லதான் போயி நிக்கணும்."

எட்டும் என்ன அர்த்தம், எது எதோடு சேர வேண்டும் என்று தெரிய வேண்டும் அவளுக்கு. அமைதிக்கு அர்த்தம் கேட்டு என்னிடம் வந்திருக்கிறாள். அப்போதுதான் வைத்தீஸ்வரனுக்குப் புரையேறியது.

டாக்ஸி பிடித்துப் பட்டறைக்கே போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே, மாடியில் ஒரே அறை. விஜயராணியின் கணவன் வேல்ராஜ் சூடேற்றும் அச்சு மிஷினுக்கு முன்னால் இருந்தான். எப்படி இந்தக் குளறுபடி ஆனது என்று கேட்டேன். அவன் கொஞ்சம் பெருமையோடுதான் விளக்கினான்.

பித்தளை எழுத்துகளைக் கோத்து ஒரு சட்டத்தில் இறுக்கித்தான் தோலில் பொறிப்பார்கள். வரி நீளமானால் சட்டத்தைக் கழற்றி அகலப்படுத்த வேண்டும், மிஷின் ஆறி மறுபடி சூடேற வேண்டும். அதனால் எந்த வேலையானாலும் குட்டை வரியில் ஆரம்பித்து நீள வரியில் முடிப்பது பட்டறை வழக்கம். ஆங்கிலத்தை அப்படிக் குட்டையிலிருந்து நெட்டை வரை எட்டுக் குவியல் போட்டார்கள். மறுநாள் பிரெஞ்சையும் அப்படியே எட்டுக் குவியல். பிறகு முதல் குவியலை முதல் குவியலோடு ஒட்டி, இரண்டாவதை இரண்டாவதோடு ஒட்டி, தைத்து முடித்துவிட்டார்கள். ஒடீல் அனுப்பிய பட்டியலில் எது எதற்கு ஜோடி என்று எண் போடவில்லை. எதிரெதிரே எழுதியிருந்ததை யாரும் திரும்பப் பார்க்கவும் இல்லை.

"இங்கிலீஷ்ல குட்டையா இருக்கறது பிரெஞ்சுலயும் குட்டையாத்தான் இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றேன்.

"எங்களுக்கு என்ன மாமி தெரியும்? சவத்த விடுங்க. பிரெஞ்சுக்காரன் இந்தப் பக்கம் படிப்பான். இங்கிலீஷ்காரன் அந்தப் பக்கம் படிப்பான். எவன் ரெண்டு பக்கத்தையும் படிக்கப் போறான்? டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க" என்றான் வேல்ராஜ்.

"நான் படிச்சேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரி மேலே எட்டிப் பார்த்தாள்.

விஜயராணி கணவனைப் பார்த்து, "படிக்கிறவுக படிப்பாங்க. சும்மா இருங்க" என்றாள். அவ்வளவுதான். அவன் சும்மா இருந்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வைத்தீஸ்வரன் என்றைக்கு நான் சொல்லிச் சும்மா இருந்தார்?

பிரித்துத் தைக்க வழியில்லை. பசை பிடித்த தோல் கிழிந்துவிடும். அந்த வானநீலத் தோல் ஒடீலே தேர்ந்தெடுத்தது, அதில் மிச்சம் இருப்பது நூற்றைம்பது துண்டுக்குத்தான் வரும். அதாவது எட்டில் மூன்றைத்தான் புதிதாகச் செய்யலாம். மற்ற ஐந்தும் இருக்கிறபடியே பொருந்தியாக வேண்டும்.

தரையில் உட்கார்ந்தேன். எட்டுத் துண்டுகளையும் முன்னால் பரப்பினார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் மூளைக்குத் தீனி. முட்டி வலி மறந்துபோனது.

இரண்டு ஜோடி தற்செயலாகவே சரியாக விழுந்திருந்தன. ஆங்கிலத்தில் சும்மா 'அமைதி' என்பதற்குப் பின்னால் பிரெஞ்சிலும் அதுவே. இன்னொன்று நல்ல ஜோடி. ஆங்கிலத்தில் கலங்காத ஆளை வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ச்சி என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காய்கறிக் கடைக்கெல்லாம் போக மாட்டார்கள், ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களின் அமைதி என்பார்கள்.

"வெள்ளரிக்காய்க்குச் சாமியா ஜோடி?" என்று சண்முகவடிவு வாயில் கையை வைத்தாள்.

மன நிம்மதி என்ற ஆங்கிலத்துக்குப் பின்னால் 'புருவம் அசையாமல்' என்ற பிரெஞ்சு வந்திருந்தது. நிம்மதியானவனுக்குப் புருவம் எதற்கு அசைய வேண்டும்? தேறும். நிதானத்தை விடாதே என்பதற்குப் பின்னால் மன அமைதி. அதுவும் தேறும். புயலுக்கு முந்தைய அமைதி என்ற ஆங்கிலத்துக்குப் பின்னால், தூங்குகிற தண்ணீரை நம்பாதே என்ற பிரெஞ்சு. இதைப் பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. இரண்டும் ஒரே எச்சரிக்கைதான். அடக்கமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே.

ஐந்து ஆயிற்று. மீதி மூன்று எந்த விதத்திலும் சேராது. முதலில் என் கைக்கு வந்த நாய். ஆங்கிலத்தில் தூங்குகிற நாய், பிரெஞ்சில் அதே இடத்தில் தூங்குகிற பூனை. நம் தமிழில் அது தூங்குகிற புலி. நாயைப் பூனையோடு சேர்த்தேன். ஆழமான தண்ணீர் ஓசையில்லாமல் ஓடும் என்ற ஆங்கிலத்தை, பிரெஞ்சில் இருந்த புயலுக்கு முந்தைய அமைதியோடு சேர்த்தேன். மயிரிழைகூட அசையாமல் என்ற ஆங்கிலம் தனியாக நின்றது. பிரெஞ்சில் மிஞ்சியது, ரத்தத்தைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள் என்பது. சம்பந்தம் பேசி வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. எட்டுக்கு எட்டும் முடிந்துவிட்டது. மிச்சத் தோலும் சரியாகப் போதும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு ஜோடியும் ஏன் பொருந்துகிறது என்று ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதினேன். நிறுத்தி நிறுத்தி, நல்ல கையெழுத்தில். வெள்ளரிக்காயையும் தெய்வத்தையும் பற்றிக் கொஞ்சம் வேடிக்கையாகவே எழுதினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நூத்தம்பதும் முடிச்சிருவோம்" என்றாள் விஜயராணி. "ஆனா மேடத்துட்ட சொல்லாம அனுப்ப மாட்டேன்."

வேல்ராஜ் முனகினான். அவள் மத்தியானம் மூன்றரைக்கு வீடியோ காலில் ஒடீலைக் கூப்பிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

ஒடீலுக்கு ஐம்பது வயசு இருக்கும், குட்டை முடி, பின்னால் பாதி வண்ணமடித்த சுவர். நான் பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, நன்றாகத்தான் ஆரம்பித்தேன். தவறு நடந்துவிட்டது, மூன்றை மாற்றித் தருகிறோம், ஐந்து பொருந்தும், இரண்டு நாள் தாமதம் என்றேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே, அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாதா என்று கேட்டாள்.

அவ்வளவுதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான். படிக்கத் தெரியாதா என்றா கேட்கிறீர்கள், எண் போடாமல் பட்டியல் அனுப்பியது யார், இந்தப் பெண்கள் தைத்திருக்கிற நேர்த்தியை முதலில் பாருங்கள் என்று பிடித்துக்கொண்டேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். மன நிம்மதிக்கு நீங்கள் எழுதியிருக்கிற பிரெஞ்சே சுமார்தான், என் மாணவி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுக்காரிக்குப் பிரெஞ்சு திருத்தினேன்! ஒடீலின் முகம் சிவந்தது. இதற்குமேல் பேச எதுவும் இல்லை என்றாள்.

அறையில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. வேல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி கேட்டு வந்தவளை நானே குர்லா சேட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். வெட்கத்தில் காது எரிந்தது.

விஜயராணி என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள். முகத்தைக் காட்டவில்லை, காமிராவைத் தரையில் இருந்த துண்டுகள் பக்கம் திருப்பினாள்.

"மேடம், லுக். ஃபைவ், குட்" என்று ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மூன்றைத் தனியாகத் தள்ளினாள். "த்ரீ, பேட். மை மிஸ்டேக். நியூ த்ரீ, ஃப்ரைடே." பிறகு நான் எழுதிய தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். "ரீட், மேடம். ஐ வெயிட்."

காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். நானாக இருந்தால் அந்த இரண்டு நிமிஷத்தில் பத்து வாக்கியம் பேசியிருப்பேன். அந்தப் பக்கம் ஒடீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பாதியில் உதடு விரிந்தது. வெள்ளரிக்காய் இடமாக இருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஃப்ரைடே?" என்றாள்.

"ஃப்ரைடே" என்றாள் விஜயராணி.

பிறகு தையலைப் பக்கத்தில் காட்டச் சொன்னாள் ஒடீல். சண்முகவடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டைப் பிடித்துக் காமிராவுக்கு முன்னால் கல்யாணப் பெண் மாதிரி நின்றாள்.

வெள்ளிக்கிழமை பார்சல் போனது. அந்த மூன்று நாளும் நான் பட்டறையில்தான் இருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் நூற்றைம்பது ஜோடியையும் இரண்டு பக்கமும் படித்தேன். வேல்ராஜ் ஒரு முறை நாயை ரத்தத்தோடு வைக்கப் பார்த்தான், விடவில்லை.

மூன்று வாரம் கழித்து விஜயராணி வீட்டுக்கு வந்தாள். திறப்பு விழா நன்றாக நடந்ததாம். ஒடீல் இன்னொரு பட்டியல் அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை பொறுமையைப் பற்றிப் பன்னிரண்டு சொல்வழக்கு, இரண்டு பக்கமும் எண் போட்டு. கீழே, அந்தத் தாளை எழுதியவரே இதையும் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

"ஒடீல்கிட்ட நானே பேசறேன்" என்றேன் உற்சாகமாக. "நாலாவதுல ஒரு வார்த்தை சரியில்லை, பாரு. இப்பவே கூப்பிடு."

விஜயராணி போனை எடுத்தாள். தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"லிஸ்ட்ட நீங்க பாருங்க மாமி. எழுத வேண்டியதையும் நீங்களே எழுதுங்க. உங்கள மாதிரி யாராலயும் எழுத முடியாது" என்றாள், குரல் ஏறாமல், இறங்காமல். "போன்ல மட்டும் நான் பேசிக்கிடுதேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என்னை வாயை மூடச் சொன்ன பிரின்ஸிபால்கள் உண்டு, பெற்றோர்கள் உண்டு, பத்ரிநாராயணன் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். கையில் வேலையையும் கொடுத்து வாயை மூடச் சொன்னவள் இவள் ஒருத்திதான். பட்டியலை வாங்கிக்கொண்டேன்.