அடியில் மஞ்சள், வாயில் கறுப்பு

1

இந்தக் கதை ஒரு தவறான பதிலில் பிறந்தது. சென்னையிலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர் போனில் கேட்டார்: "உங்க ஊர்ல நம்பி வாங்கலாம்னு ஒரு மேகசின் சொல்லுங்க." அமெரிக்காவில், ஐடஹோவில், இத்தனை வருடமாகத் துப்பாக்கிக் கிளப் போட்டிகளில் நேரம் பார்க்க டைமர் பிடிக்கிறவளிடம் இப்படியா கேட்பது? "முப்பது தோட்டா பிடிக்கிறதே போதும். நாற்பதுக்கு ஆசைப்படாதீங்க, பாதியில மாட்டிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டது படிக்கிற மேகசின், நான் சொன்னது துப்பாக்கியில் தோட்டா அடைக்கிற மேகசின் என்று புரிந்ததும் அவர் சிரித்தார். அப்புறம், "அதையே கதையா எழுதிக் குடுங்க வாசுகி" என்றார்.

எழுதுகிறேன். கை பரபரக்கிறது. எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "செப்டம்பர் காலை. புதர்களின் மேல் மெல்லிய பனி படர்ந்திருக்க—" வேண்டாம். எந்தத் துப்பாக்கிப் போட்டியும் பனியில் தொடங்குவதில்லை. கழிவறை வரிசையில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது: "ஓரின் ஒரு மேதை." பச்சைப் பொய். அவன் மனைவி வெர்லீன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மூன்றாவது: "வெர்லீன் தன் கணவனின் எல்லாவற்றையும் நம்பினாள், அவன் செய்த மேகசினைத் தவிர." வாக்கியம் சுமார்தான். ஆனால் விஷயம் இதுதான், அதனால் இருக்கட்டும்.

ஓரின் எங்கள் ஊரில் துப்பாக்கி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். மேகசினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளுவதற்கு ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தட்டு இருக்கும். கம்பெனிக்காரர்கள் அதைக் கறுப்பில் போடுகிறார்கள். ஓரின் தானே ஒரு தட்டு செய்து, அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்து, மேகசினின் அடிமூடியையும் மஞ்சளாக்கி, தன் கடைச் சரக்கு என்று விற்கத் தொடங்கினான். பார்க்க அம்சமாக இருக்கும். தூசி பட்டால் தட்டு ஒரு பக்கமாகச் சாயும். தட்டு சாய்ந்தால் தோட்டா மேலே வராது.

[எங்கள் ஊரில் தூசியைத் தவிர வேறு எதுவும் கிடையாது.]

3

போன வருடம் இதே போட்டியின் கடைசிச் சுற்றில் மஞ்சள் மேகசின் மாட்டிக்கொண்டது. மாநில அணியில் வெர்லீனுக்குக் கிடைக்க வேண்டிய இடம் போனது. அவள் அழவில்லை. காலைத் தூக்கி அந்த மேகசினை மிதித்தாள், மிதித்தாள், மிதித்துக்கொண்டே இருந்தாள். இந்த வருடமும் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். வயது ஐம்பத்தொன்று, முட்டி தேய்ந்துவிட்டது. இன்னொரு வருடம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இருவரும் பொரித்த மாட்டுக்கறித் துண்டுகளைச் சாஸில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன மொறைக்கிற? இந்தத் தடவை தட்டோட காலை நீளமாக்கிட்டேன். சாயவே சாயாது" என்றான் ஓரின்.

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

"போன தடவை தூசிம்மா."

"நாம குடியிருக்கறதே தூசியிலதான்யா! தூசி ஆகாதுன்னா உன் மேகசின ஆஸ்பத்திரிக்கு வித்துடு."

"சிரி, நல்லா சிரி. ஊரே பாக்குது வெர்லீன். நம்ம கடைச் சரக்க நீயே எடுக்கலேன்னா வேற எவன் எடுப்பான்?"

அவள் இன்னொரு துண்டைச் சாஸில் அமுக்கினாள். இதுதான் அவள் சிக்கல். மஞ்சளை எடுத்தால் அணியில் இடம் போகும். கம்பெனிக் கறுப்பை எடுத்தால் ஊர் முன்னால் புருஷனின் மானம் போகும்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அடுத்து நடந்ததை வெர்லீன் செய்வாளா? வாசகர் நம்புவாரா? மேகசின் விஷயத்தில் அவள் ஈவிரக்கமில்லாதவள். புதிதாக வாங்கினால் பெயின்ட்டால் எண் எழுதுவாள். தோட்டா நிரப்பி, வாய் கீழே இருக்கும்படி சிமென்ட் தரையில் போடுவாள். மண்ணில் புரட்டுவாள். பிறகு சுட்டுப் பார்ப்பாள். ஒருமுறை தடுமாறினாலும் சுத்தியலால் நசுக்கிவிடுவாள். "ரெண்டாவது வாய்ப்பெல்லாம் மனுசனுக்குத்தான் வாஸ், இதுக்குக் கிடையாது" என்பாள். வாசுகி அவள் வாயில் வாஸ்.

(முப்பது பிடிக்கும் மேகசினில் இருபத்தெட்டு மட்டுமே போடுவாள். முழுக்க நிரப்பினால் துப்பாக்கியில் சரியாக உட்காராதாம். கதைக்கு இது தேவையில்லை. இதழ் ஆசிரியருக்காகச் சொன்னேன்.)

இப்படிப்பட்டவள் கழிவறைக்குப் பின்னால் போய், தான் சோதித்து வைத்திருந்த கறுப்பு மேகசின்களின் அடிமூடியைக் கழற்றி, ஓரினின் மஞ்சள் மூடியை மாட்டினாள். மூடி ஒரு நொடியில் கழன்றுவரும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஓரின் சரக்கு. உள்ளே தள்ளுதட்டு கறுப்பு. அதை மாற்ற முடியாது, வினையே அந்த மஞ்சள் தட்டில்தானே!

"நீ எதயும் பாக்கல வாஸ்" என்றாள்.

"எனக்குக் கண்ணே தெரியாதுடி" என்றேன்.

சரி, நம்புங்கள். நானே பார்த்தேன்.

5

டைமர் கூவியது. ஓடினாள்! அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாள் என்று கேட்காதீர்கள். நான் டைமரோடு பின்னாலேயே ஓடுகிறேன். பீப்பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். இரும்புத் தகடுகள் டங், டங், டங். தூசி எழும்பி என் வாயெல்லாம் மண். அவளுடைய மேகசின் திக்கவில்லை, தயங்கவில்லை. காலியானதும் அதை உதறிவிட்டு அடுத்ததை அறைந்து மாட்டினாள்.

"மஞ்சளப் பாருங்கடா! மஞ்சளப் பாருங்க!" பார்வையாளர் கோட்டுக்குப் பின்னால் ஓரின் குதிக்கிறான். "என் சரக்குடா அது!"

கடைசித் தகடு விழுந்தது. டைமரைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டாள்! அணியில் இடம் அவளுக்குத்தான். எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, மன்னிக்கவும்.

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

6

வெர்லீன் ரைஃபிளைக் காலி செய்து என்னிடம் காட்டினாள். அதைப் பார்த்து நான் "ரேஞ்ச் கிளியர்!" என்று கத்த வேண்டும். அதற்கு முன் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓரின் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் உதறியதை எப்போதும் அவன்தான் பொறுக்குவான், துடைப்பான், மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது போல முத்தம்கூடக் கொடுப்பான்.

காலி மேகசின் சரளைக்கல்லில் கிடக்கிறது, வாய் மேலே. தோட்டா தீர்ந்ததும் தள்ளுதட்டு வாய் வரைக்கும் ஏறி வந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் எப்படி மறந்துபோனது?

கறுப்பு. பளிச்சென்ற கறுப்பு.

"இப்ப சொல்லாத வாஸ்" என்றாள் உதடு அசையாமல்.

"எவ்வளவு நேரம்டி சொல்லாம இருக்கறது?"

"எனக்கென்ன தெரியும்!"

முடிவு அ: ஓரின் அதை எடுக்கிறான், பார்க்கிறான், புதருக்குள் வீசிவிட்டுப் பிக்கப்பில் தனியாகப் போய்விடுகிறான். ஜெயித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் காரில் வருகிறாள். [நடக்கக்கூடியதுதான். அவன் கோபம் எனக்குத் தெரியும்.]

முடிவு ஆ: ஓரின் பார்க்கிறான். கட்டைவிரலால் அதன் வாயை மூடிக்கொண்டு, "பாத்தீங்களா, நம்ம சரக்கு!" என்று கூட்டத்திடம் தூக்கிக் காட்டுகிறான். [எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் அதை நம்பி நாலு பேர் மஞ்சள் வாங்குவார்கள். நாலு பேருக்கும் மாட்டிக்கொள்ளும்.]

முடிவு இ: வெர்லீனே திரும்பி, "ஓரின், அது உன்னோட—"

இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்ய?

"ஏய் டைமர்காரி! நாக்கு மரத்துப்போச்சா? சொல்லித் தொலையேன்!" ஓரின் கத்துகிறான். சிரித்துக்கொண்டேதான் கத்துகிறான். இந்தச் சிரிப்பை அவன் முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்கவில்லை.

நான் "ரேஞ்ச் கிளியர்" சொல்ல மாட்டேன். விதிப்படி, டைமர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும். இந்தாருங்கள், பிடியுங்கள். இப்போது அது உங்கள் கையில். வெர்லீன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறாள்.