எதிர்த்த தெரு மாப்பிள்ளை

பல் டாக்டருக்கு மாப்பிள்ளை பார்த்தது அவளுடைய சித்தப்பா. பையன் வேறு ஊரில், பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினீயர். இவளுக்கோ சொந்த க்ளினிக். விட்டுவிட்டுப் போக முடியாது. ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டதும் சித்தப்பா போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தூரமா? வானத்துல அம்பது நிமிஷம், கண்ணு. தண்ணி குடிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவான். எதிர்த்த தெரு மாப்பிள்ளைன்னு வச்சுக்கோ."

சித்தப்பா அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸை விட்டுக் கிளம்பினால், நெரிசலில் ஊர்ந்து, விமான நிலையச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்ற குரலைக் கேட்டபடியே நாற்காலியில் தூங்கி வழிந்து, வீட்டு வாசலுக்கு வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். "எப்படி இருக்கே?" என்று பெண்டாட்டியைக் கேட்பான். அவள் பதில் சொல்வதற்குள் குறட்டை. மறுநாள் சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பக் கிளம்ப வேண்டும்.

சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவுக்குப் போக வர டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவரோட வீட்டுல விருந்து, சித்தப்பா. நான் முன்னாடியே போயிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுங்க."

சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். பையிலிருந்த பழம் நறுக்கும் கத்தியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். அந்தச் சண்டை முடிந்து, தப்பான வரிசையில் நின்று, சரியான வரிசைக்கு ஓடி, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தால் விமானம் நகர மறுத்தது. "அம்பது நிமிஷம்னு போட்டிருக்கே, தரையிலேயேவா?" என்று பணிப்பெண்ணிடம் பாய்ந்தார். அவள் சிரித்துக்கொண்டே பெல்ட் போடச் சொன்னாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை கதவைத் திறந்து, அவர் காலைப் பார்த்துச் சொன்னான்: "செருப்பைக் கழட்டாதீங்க மாமா. இப்பவே கிளம்பினாத்தான் ஃப்ளைட்டைப் பிடிக்க முடியும்."

சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள் அவள். "வண்டியில சாப்பிடுங்க, சித்தப்பா. எங்க குடும்பமே இப்படித்தான் நடக்குது."

சித்தப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை அந்த வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை என்று மனைவி ஊரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டான். சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சித்தப்பா நடுநாயகமாக உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"வானத்துலயே பறந்துக்கிட்டிருந்தா குடும்பம் நடத்த முடியுமா? நான் அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இதுங்க கேட்டாத்தானே!"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டான்.

"முதல்ல சாப்பிடு. மாமாகிட்ட நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம். நானும் கூட வர்றேன்."