வண்டி வளைவைத் தாண்டும்வரை

மாமனாரின் நரைமுடியில் சிக்கியிருந்த சாக்கு நாரை மருமகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட வேண்டும். கட்டிலில் தூங்கியவர் தலையில் சாக்கு நார் எப்படி வந்தது என்று எவராவது ஒருத்தர் கேட்காமலா இருப்பார்கள்?

"யார் கேட்டாலும் கட்டில்லதான் போனாரு," என்று கணவன் மறுபடியும் சொன்னான். அழுது அழுது அவன் குரல் கட்டிப்போயிருந்தது. "மூட்டை ரூம்னு வாயத் திறந்துடாத. பேங்க்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடந்து செத்தாருன்னு எங்கப்பாவ ஒருத்தன் பேசக்கூடாது."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள். பொய் சொல்ல அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? மக்காச்சோளம் கைவிட்டதிலிருந்து அந்த வீட்டுப் பொய்களுக்கெல்லாம் அவள்தானே வாய்.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. உரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கதிரும் பல் போன கிழவர் வாய் மாதிரி இருந்தது. கூடத்தை ஒட்டிய மூட்டை அறையில் வெறும் சாக்குகள்தான் கிடந்தன. ஒழுங்காக விளைந்திருந்தால் அந்த அறையில் ஒரு ஆள் ஒளிய இடமே இருந்திருக்காது.

பேங்க் நோட்டீஸை, கடன் வாங்கியவர் தன் கையால் வாங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும், போடாதவரை நிலத்தில் ஒருத்தனும் கால் வைக்க முடியாது என்று சந்தையில் யாரோ மாமனாரிடம் சொல்லியிருந்தார்கள். மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பைக் சத்தம் கேட்டதும் வாசலில் கிடக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூட்டை அறைக்குள் போய்விடுவார். மருமகள் பேசி அனுப்பிவிட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டினால் வெளியே வருவார். வண்டி ரோட்டு வளைவைத் தாண்டாமல் தட்டக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். ஒருமுறை பேங்க்காரர் மறந்துவிட்டுப் போன பேனாவுக்காகத் திரும்பி வந்துவிட்டார். அன்று மாமனார் மறுபடி உள்ளே ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி மாமியாரும் மருமகளும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

இன்று மத்தியானமும் அப்படித்தான். பேங்க்காரர் வெயிலில் வாடி வந்தார். சமீபத்தில் மாற்றலாகி வந்தவர், பாவம், கெட்டவர் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"மாமா எங்கம்மா?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு சார்."

"போன தடவையும் அங்கதானே போயிருந்தாரு?"

"பொண்ணு மேல அவ்ளோ பாசம் சார்."

அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்ததே இல்லை. அடுப்படியில் இருந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் மூட்டை அறைக்குள் தொப்பென்று ஏதோ விழுந்தது. பிறகு தரையில் எதுவோ உரசுகிற சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. பேங்க்காரர் டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கதவைப் பார்த்தார்.

"எலி சார்," என்றாள் சட்டென்று. "உள்ள ஒரு மணி சோளம் இல்ல. பசியில அதுவும் கெடந்து உருளுது."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு உள்ளே சத்தமில்லை. மாமனாருக்கு ஓயாத இருமல். எத்தனையோ முறை அதை மறைக்க அவள் பாத்திரத்தைப் போட்டு உருட்டியிருக்கிறாள். இன்று ஒரு செருமல்கூட இல்லை. மாமா இன்னைக்கு நல்லா அடக்கிக்கிட்டார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அப்படி மெச்சியதை நினைத்துக்கொண்டே இப்போது அடுத்த நாரைத் தேடி எடுத்தாள்.

பேங்க்காரர் கிளம்பியதும் கதவைத் தட்டப் போனாள். "பொறும்மா," என்றார் மாமியார். "வண்டி இன்னும் வளைவத் தாண்டல." பொறுத்தாள். பிறகு தட்டினாள். மறுபடியும் தட்டினாள். திறந்தபோது மாமனார் சாக்குகளின்மேல் ஒருக்களித்துக் கிடந்தார். துண்டைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்திருந்தார்.

அவரைக் கட்டிலுக்குத் தூக்கிவந்த பிறகுதான் டாக்டரை வரவழைத்தார்கள். மாரடைப்பு என்றார் அவர்.

"உயிர் உடனே போயிருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் மருமகள்.

"சில பேருக்கு உடனே. சில பேருக்குக் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டு இருக்கும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

வெயில் தாழ்ந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தெருவில் அந்த பைக் சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்த மாமியார் அப்படியே நிறுத்திவிட்டு, பாதி எழுந்து, வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தார்.

வசூலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தார் பேங்க்காரர். உள்ளே வந்து கட்டில் அருகில் நின்றார். இத்தனை நாளாகத் தேடிய முகத்தை இன்றுதான் பார்க்கிறார்.

"இவர்தானா?" என்றார் மெதுவாக. அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார். "பொண்ணு வீட்லேருந்து எப்பம்மா வந்தாரு?"

"நீங்க போனதும் வந்துட்டாரு சார். வந்து படுத்தவருதான்."

அவர் பார்வை மூட்டை அறைக் கதவுக்குப் போய் அங்கேயே நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"மத்தியானம் ஒரு சத்தம்…"

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உரக்கக் கத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"எலி சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். தோள்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நோட்டீஸை உள்ளே தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

பைக் கிளம்பியது. அவள் கால்கள் தாமாக மூட்டை அறைப் பக்கம் நடந்தன. கதவுக்கு நேரே கை உயர்ந்தது.

"தட்டாதம்மா," என்றார் மாமியார், கட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டி இன்னும் வளைவத் தாண்டல."

உயர்த்திய கையை இறக்காமல் அவள் நின்றாள். பைக் சத்தம் தூரத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.