கண்ணாடித் தண்ணீர்

சாயப்பட்டறைத் தெருவில் கறுப்புச் சாயம் ஏற்றுவதில் கறுப்பு மாஸ்டருக்கு நிகர் கறுப்பு மாஸ்டர்தான். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். இரண்டு துணிகளைக் காட்டி எது நல்ல கறுப்பு என்று கேட்டால், மற்றவர்கள் வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடுவார்கள். இவர் நின்ற இடத்திலேயே விரலை நீட்டிவிடுவார். தன் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது என்று அப்படியொரு மிதப்பு. அந்த மிதப்புதான் அவரைக் கவிழ்த்தது.

அவர் மனைவி, தெருக்கோடிச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். எல்லாப் பட்டறைகளின் கழிவு நீரும் குழாய் வழியாக அவளிடம்தான் வந்து சேரும். பெரிய தொட்டியில் இராப்பகலாகக் காற்று ஊதி, கழிவைத் தின்னும் கிருமிகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து வந்தாள். "ரெண்டு நாளா சரியாவே சாப்பிட மாட்டேங்குதுங்க" என்று ஒருமுறை அவள் புலம்பியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரி டாக்டர் பெயரெல்லாம் சொன்னாள். கிருமிக்கு எந்த டாக்டர்!

சுத்தமான நீர் ஆற்றுக்குப் போகுமுன் ஒரு மீன்தொட்டி வழியாகப் போக வேண்டும். மீன் நன்றாக நீந்தினால் மதகு திறந்திருக்கும். மீன் தள்ளாடினால் மதகு மூடப்படும். இது அவள் போட்ட சட்டம். அவள் வருவதற்கு முன் ஆற்றில் ஒரு தவளைகூடக் கிடையாது. இப்போது குஞ்சுமீன் கூட்டமும், அதைக் கொத்த வரும் நீர்க்காகங்களும் உண்டு. ஆனால் மழை பொய்த்து, வெயில் கொளுத்தி, ஆறு வாய்க்கால் போலச் சுருங்கிக் கிடந்த வருஷம் அது. கொஞ்சம் விஷம் இறங்கினாலும் கலந்து கரைய அங்கே தண்ணீர் இல்லை.

ஒரு விருந்தில் அவளுடைய அண்ணன், சிவப்புச் சாயப்பட்டறைக்காரர், சும்மா இருக்காமல் வாயைக் கிளறினார். "மாப்ள, எங்க தங்கச்சி படுற பாட்டுல பாதி உங்க கறுப்பாலதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. மனைவியின் பாரத்தைக் குறைத்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சூளுரைத்தார். மறுநாளே மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் வாங்கி, தன் பட்டறைக் கழிவுத் தொட்டியில் கொட்டிக் கலக்கினார். மை போல் இருந்த நீர் மெல்ல மெல்ல வெளுத்து, கண்ணாடியாகிவிட்டது. அடிமட்டத்துச் செங்கல்கூடத் தெரிந்தது. அதைக் குழாயில் திறந்துவிட்டு, ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டார்.

காலையில் பாட்டிலோடு நிலையத்துக்குப் புறப்பட்டார். கல்யாணத்தன்றுகூட அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

அங்கே மதகு மூடிக் கிடந்தது. மீன்தொட்டியில் மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. பெரிய தொட்டியில் எப்போதும் பொங்கும் பழுப்பு நுரையைக் காணோம். பட்டறைக்காரர்கள் சிவப்புக்காரரைச் சுற்றி நின்று காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா தண்ணி விட்டது நீதான்யா!"

"என் தங்கச்சி தொட்டிக்கு நானே கெடுதல் பண்ணுவேனா?" அவர் குரல் உடைந்தது.

மாஸ்டர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டாள். வந்து வாங்கினாள், மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"பிளீச்சிங் பவுடரா?"

"தண்ணியைப் பாரு... எவ்வளவு தெளிவா..."

"தெளிவாத்தாங்க இருக்கு. தொட்டியில ஒரு உயிர்கூட மிச்சமில்லை." அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "எங்கண்ணனை விடுங்க. இது எங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலை. கிருமி மறுபடி வளர்ற வரைக்கும் மதகு திறக்காது. எல்லாப் பட்டறையும் நிக்கணும். எங்களுதுதான் முதல்ல."

மாஸ்டருக்கு மானம் கப்பலேறியது போலிருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார். பட்டறைக்காரர்கள் அவரைத் தனியே இழுத்துப் போனார்கள்.

"மாஸ்டர், ஒரே ஒரு நாள் மதகைத் திறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. உங்க தொட்டியிலயும் துணி ஊறிட்டிருக்கே!"

உண்மைதான். அவர் வாழ்நாளிலேயே சிறந்த கறுப்பு அன்றைக்குத் தொட்டியில் கிடந்தது. உடனே அலசாவிட்டால் திட்டுத் திட்டாகப் பாழாகிவிடும். அலசினால் அந்த நீர் ஆற்றைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. அவர் மதகுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். முழங்கால் ஆழ நீரில் குஞ்சுமீன்கள் கூட்டமாகத் திரும்பின. திரும்பி மனைவியைப் பார்த்தார். மதகுச் சக்கரத்தின் மேல் கை வைத்து நின்றாள். புருஷனையே நடுத்தெருவில் நிறுத்தியவள் இவர்களுக்கா மசிவாள்? அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை முளைத்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை.

"கேக்க மாட்டா. நானும் திறக்கச் சொல்ல மாட்டேன். என் துணி பாழாப் போகட்டும்யா" என்றார்.

முதலில் தன் பட்டறைக் குழாயைத் தானே போய் அடைத்தார். பிறகு மனைவியிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "சரி, மறுபடி வளக்கணும்னா என்ன வேணும்?"

"வேற நிலையத்திலிருந்து கிருமிச் சேறு கொண்டு வரணும். புளிச்ச நாத்தம் அடிக்கும். எந்த லாரிக்காரரும் வர மாட்டாரு."

"நான் போறேன்."

"மாப்ள, நானும் வரேன்" என்று சிவப்புக்காரரும் தன் பட்டறை லாரியில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் பழுப்புச் சேறு ததும்பும் டிரம்களோடு லாரி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது. லாரியை ஓட்டிய மச்சான் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டார். மாஸ்டர் மட்டும் டிரம்கள் ஆடாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, சட்டையெல்லாம் சேறாக நிமிர்ந்து நின்றார்.

"என்ன கண்றாவி மாஸ்டர் இது?" என்று ஒரு கடைக்காரர் கத்தினார்.

"அத்தனையும் உயிருய்யா!" மாஸ்டர் தெருவே கேட்கக் கத்தினார். "என் பொண்டாட்டி கேட்டிருக்கா!"