வலது கையில் கொடி

கொடியக்காவை ஊர் திட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால்பந்து மைதானத்தில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடும் நடுவருக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று வெளியாட்களுக்குப் புரியாது. வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் அவளிடம் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். வீட்டில் தட்டு கைக்கே வந்தது. வாய்த்துடுக்குக்குப் பேர்போன கொழுந்தன்கூட, "அண்ணி, நீங்க உக்காருங்க" என்பதைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோனான்.

சிகிச்சை முடிந்தபின் மருத்துவமனை நர்ஸ் ஒருநாள், அதே நோயைக் கடந்த பல நாட்டுப் பெண்களைக் கணினித் திரையில் கூட்டினாள். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டாள். நோய் திரும்பக் கூடாது என்றாள் ஒருத்தி. பிள்ளை வளர்வதைப் பார்க்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. புருஷன் பழையபடி முகம் பார்த்துப் பேசினால் போதும் என்றாள் மற்றொருத்தி. பிறகு கொடியக்காவின் முறை வந்தது.

"எனக்கும் இதெல்லாம் வேணும். கூடவே, நாலு பேர் என்னை நல்லாத் திட்டணும்."

மொழிபெயர்த்துச் சொன்னதும் திரை முழுக்கச் சிரிப்பு.

தலைமை நடுவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. மறுபடி கொடி பிடிக்கக் கேட்டவளிடம், மேசைப் பக்கம் உட்கார்ந்து நேரம் பார்த்தால் போதும் என்றார். இவள் விடவில்லை.

"சரிம்மா, ஒரு ஆட்டம். கொடி முழுசா மேல போகணும். பாதியில நின்னா மேசைதான்."

அறுவைசிகிச்சையில் அக்குளிலும் வெட்டியிருந்ததால் வலது கை காதுக்கு மேல் ஏற மறுத்தது. சுவரில் விரல்களை நடக்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதை ஏற்றிப் பழக்கியிருந்தாள்.

வந்து வாய்த்தது கொழுந்தனின் அணி ஆடும் ஆட்டம். முடியப்போகும் நேரம், இரு அணிக்கும் கோல் இல்லை. கொழுந்தன் பந்தை வலைக்குள் தள்ளினான். மைதானமே எழுந்து கூத்தாடியது. ஆனால் பந்தை அவனுக்குத் தட்டிவிட்டபோதே அவன் எதிரணிக் காவலர்களைத் தாண்டி நின்றதை அவள் பார்த்துவிட்டாள். ஆஃப்சைடு. கொழுந்தன் என்பதற்காகக் கோடு நகர்ந்து கொடுக்குமா?

வலது கையைத் தூக்கினாள். காதருகே வந்ததும் தோள் இழுத்துப் பிடித்தது. இன்னும் தூக்கினாள். கொடி தலைக்கு மேல் நேராக நின்றது. தலைமை நடுவர் விசில் ஊதினார். கோல் செல்லாது.

கொழுந்தன் பாய்ந்து வந்தான். "அண்ணி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவனுக்கு மஞ்சள் அட்டை விழுந்தது. கூட்டம் விடுமா? "ஏம்மா, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்தியா?" "அந்தக் கொடியப் பிடுங்குங்கப்பா." கொடியக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அவள் மேல் இரக்கம் வரவில்லை.

"அடுத்த வாரமும் வந்துரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமை நடுவர்.

இரவுச் சாப்பாட்டில் கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கணவர் பழக்கதோஷத்தில் அவளுக்குத் தட்டெடுக்க எழுந்தார்.

"விடுண்ணே. என் கோலைக் கெடுக்கத் தூக்குன கைதானே. அவங்களே எடுத்துக்கட்டும்."

கணவர் பதறிப்போய் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து, மேல் அலமாரிக்கு வலது கையை நீட்டி, இரண்டு தட்டுகளை எடுத்தாள். ஒன்றைக் கொழுந்தன் முன்னால் வைத்தாள்.

"அது ஆஃப்சைடுதான்டா" என்றாள்.