டோமினோவில் கிடைத்த வழி

வெயிலில் கேக்கின் கிரீம் இளகத் தொடங்கியிருந்தது. மேட்டுத் தேவாலயத்தில் மணமக்கள் காத்திருந்தார்கள். அதிபர் பதவி விலகவேண்டும் என்று டயர்களை எரித்துத் தெருவை மறித்தவர்கள் நகர்வதாக இல்லை. இவ்ரோஸ் கல்யாணக் கேக்கோடு வண்டியிலிருந்து இறங்கினாள்.

“இன்னைக்கு யாருக்கும் வழி கிடையாதுக்கா,” என்றான் மறித்தவர்களில் ஒருவனான ஃபானெல், நிழலில் டோமினோக் கட்டைகளை அடுக்கி ஆடிக்கொண்டே.

“ஒரு ஆட்டம் போடுவோம் தம்பி. நீ தோத்தா கேக்கைச் சுமந்து மேல வரைக்கும் வரணும்.”

“நீங்க தோத்தா?”

“கேக்கை இங்கேயே வெட்டிடலாம்.”

கூட்டம் விசிலடித்தது. இவ்ரோஸ் கடைசிக் கட்டையை ஓங்கி வைத்தாள். ஜெயித்துவிட்டாள். தோற்றவனுக்கு வழக்கமாகச் செய்வதுபோல ஃபானெலின் காதிலும் தாடியிலும் துணிக்கிளிப்புகளை மாட்டி, கேக்கைக் கையில் கொடுத்தார்கள்.

தெருவின் மறுமுனையில் அதிபரின் ஆட்கள் தடிகளோடு நின்றார்கள். ஃபானெலைப் பார்த்ததும் அவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“யாருடா உன்னை இப்படிப் பண்ணது?”

“இந்த அக்காதான். உங்களோடயும் ஆடணுமாம்.”

அவர்களின் தலைவன் தன் நீண்ட தாடியைக் கையால் மூடிக்கொண்டான்.

“ஐயோ, வேணாம்! அக்காவுக்கு வழி விடுங்கடா!”

கிளிப்புகள் ஆட, ஃபானெல் முன்னே நடந்தான். இவ்ரோஸ் பின்னாலிருந்து அதட்டினாள்.

“சாய்க்காதடா, மெதுவா!”